பெட்டிக்குள் கிடந்த வேப்பம்பூ

ஒரு கடிதத்தில் நான் எதற்காகக் கையெழுத்துப் போட்டேன் என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மனசு உறுத்தியதால் போட்டேனா, இல்லை வேலியில் படர்ந்த ஒரு கொடிக்காகப் போட்டேனா? நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதிலும்கூட எனக்குச் சந்தேகம் உண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை மாதத்தில், மதுரையில் நடந்தது இது. அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. தல்லாகுளத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு நடந்து போகிற தூரத்தில் அலுவலகம். நான் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆய்வு மாணவி. பிரசவம், அதன்பின் குழந்தைக்கு அடிக்கடி வந்த காய்ச்சல் என்று இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியிருந்தேன். மூன்றாவது முறை கேட்கும் நிலை வந்தால் ஆய்வையே விட்டுவிட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், கேஸை மூடினோமா என்று திரும்பி வந்து பார்க்கிறவள் நான். அந்த நாட்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை திரும்பி வந்தேன்.

என் ஆய்வு வெள்ளரி இனத்துக் கசப்புக்காயான மிதுக்கங்காயைப் பற்றியது. மிதுக்க வத்தலை வறுத்துச் சாப்பிடாத மதுரைக்காரர்கள் குறைவு. ஆனால் அந்தக் கொடியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பருத்திக்காட்டிலும் சோளக்காட்டிலும் தானாக முளைத்துப் படரும். களை எடுக்கும்போது பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களிலிருந்து அதன் விதைகளைச் சேர்த்து, எந்த ஊர்க் கொடி எதற்குச் சொந்தம் என்று பார்ப்பதுதான் என் வேலை.

அதை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இலைக்குப் பச்சை நிறம் தருவது பசுங்கணிகம் என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். அந்தப் பசுங்கணிகத்துக்குள் அதற்கென்று தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. இருக்கிறது. மிதுக்கு போன்ற கொடிகளில் அது தாய்க்கொடியிலிருந்து மட்டும்தான் விதைக்குப் போகும். மகரந்தம் எந்தக் கொடியிலிருந்து வந்து விழுந்தாலும் அதில் கலக்காது. அதனால் தாய்வழியாகவே பின்னால் போய் உறவைக் கண்டுபிடிக்கலாம். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். கடைசியில் இது எனக்குக் கைகொடுத்தது.

பசுங்கணிகத்தை முழுசாகப் பிரித்தெடுக்க ஒரு முறை இருக்கிறது. இலை பறிப்பதற்கு முன் இரண்டு நாள் செடியை முழு இருட்டில் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கிற செடியின் பசுங்கணிகத்துக்குள் மாவுச்சத்து சேர்ந்திருக்கும். ஆய்வகத்தில் இலையை அரைத்து இயந்திரத்தில் வேகமாகச் சுற்றும்போது அந்த மாவு மணிகள் உள்ளிருந்தே பசுங்கணிகத்தைக் கிழித்துவிடும். இருட்டில் வைத்தால் சேர்த்துவைத்த மாவைச் செடியே சாப்பிட்டுத் தீர்த்துவிடும். அப்போது எடுத்தால் சுத்தமாக வரும்.

நான் சேர்த்தவற்றில் சமயநல்லூர்ப் பக்கத்து மிதுக்கு மட்டும் எதனோடும் ஒத்துப்போகாமல் தனியாக நின்றது. என் ஆய்வேட்டின் உயிரே அதுதான். அந்த விதை எடுத்த காட்டில் பிறகு மனைக்கல் ஊன்றிவிட்டார்கள். கையில் இருந்த கடைசி விதைகளைப் போட்டதில் ஏழு முளைத்தன. கல்லூரியின் வலைக்கூடாரத்தில் பைகளில் வைத்து, குச்சி நட்டு, ஏழையும் படரவிட்டிருந்தேன்.

அந்தக் கூடாரத்தைக் கூட்டித் தண்ணீர் ஊற்ற ஓர் அக்கா இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒப்பந்த வேலை. வண்டியூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சனிக்கிழமைகளில் குழந்தைக் காப்பகம் கிடையாது என்பதால் மகளைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். என்னைக் கண்டதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு ஓடிவருவார். "அடி ஆத்தா, வந்துட்டியாடி! ஒங்கம்மா அந்த மிசினைக் கட்டிக்கிட்டு அழட்டும், நீ வா" என்று இடுப்பில் தூக்கிக்கொள்வார். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. எப்போதும் 'பாப்பாம்மா'தான்.

அந்தப் புதன்கிழமை மதியம் ஏழு கொடிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பக்கத்துச் சாமான் அறையில் வைத்தேன். ஃபிரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்து, மேலே கறுப்புத் துணி போட்டு மூடினேன். வெளிச்சம் துளியும் போகவில்லை என்று மூன்று முறை பார்த்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, நினைத்தேன். அப்போது காப்பகத்திலிருந்து போன் வந்தது. பாப்பாவுக்கு உடம்பு கொதிக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். ஒரு தாளைக் கிழித்து, திறக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பெட்டியில் ஒட்டிவிட்டு ஓடினேன். ஆய்வகத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். கை பழக்கம் அது.

வியாழன் முழுக்கக் குழந்தைக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். வெள்ளி காலை காய்ச்சல் விட்டது. கணவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, ஐஸ்பெட்டியோடு விடியும்போதே கல்லூரிக்குப் போனேன். பெட்டிகள் நான் வைத்தபடியே இருந்தன. ஏழு கொடிகளையும் இலை மிச்சமில்லாமல் பறித்தேன். அவ்வளவு இலை வேண்டியிருந்தது.

அன்று முழுவதும் குளிர் அறையில் அரைத்து, துணியில் வடிகட்டி, இயந்திரத்தில் சுற்றி, படிப்படியாகச் செய்தேன். கடைசியில் குழாயின் நடுவில் அழகான பச்சை வளையம் ஒன்று நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஊறவைத்த அரிசி கழுவிய தண்ணீரில் அடியில் வண்டல் தங்குமே, அதுபோல வெள்ளையாக மாவு தங்கியிருந்தது. அதன்மேல் கிழிந்த பச்சைக் குழம்பு. அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

எப்படி மாவு வந்தது என்று எனக்குப் புரியவில்லை. சாமான் அறைக்கு ஓடினேன். மொட்டையாக நின்ற ஏழு பைகளையும் இழுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது. மண்மேல் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. சாத்திய அறைக்குள், மூடிய பெட்டிக்குள், வேப்பம்பூ. கூடாரத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம் உண்டு. அந்த மரத்தடி வெயிலுக்கு யாரோ இவற்றைக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

யாரோ என்ன, அக்காதான். கேட்டதுமே மலர்ந்த முகத்தோடு சொன்னார்.

"ஆமா பாப்பாம்மா, நாந்தேன். நேத்துப் பெட்டிய எடுத்துக் கூட்டலாம்னு பாத்தா ஏழும் வெளுத்துப் போய்க் கெடக்கு. பச்சப்புள்ளைகளப் போட்டுப் பூட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. நீங்க காச்சப் புள்ளையோட அல்லாடுறீங்க, மறந்துட்டீங்க போலன்னு ஒவ்வொண்ணாத் தூக்கிட்டுப் போயி வெயிலைக் காட்டுனேன். தண்ணியும் ஊத்துனேன். சாயங்காலம் வச்ச எடத்துலயே திரும்ப வச்சுட்டேன்ல!"

நான் கத்தினேன். அதுவரை யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. "உங்களை யாருக்கா தொடச் சொன்னா? உங்க வேலையை மட்டும் பாத்தா போதாதா?" என்று கேட்டது வராந்தாவரை கேட்டிருக்கும். அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. கோபித்துக்கொள்ளவில்லை. "வெயிலு படக் கூடாதா? செடிக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

என் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியையிடம் போய் அழுதேன். அவர் கெட்டவர் இல்லை. காரியக்காரர். "அழுது என்ன ஆகப்போகுது? நீட்டிப்பு கேக்கணும்னா காரணம் வேணும். யாரால நடந்துச்சுன்னு தெளிவா எழுதிக் குடுங்க, நான் பேசறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அந்த வரி எனக்கு மனப்பாடமாகவே இருக்கிறது. 'முறையாக அறிவித்திருந்தும், பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் தாவரங்கள் பாழாகிவிட்டன.' முறையாக அறிவித்திருந்தும். அந்தச் சொற்களை எழுதியபோது என் கை தயங்கியது. தாள் ஒட்டியது அறிவித்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்கு மட்டும் யோசிக்கவே இல்லை.

அடுத்த புதன்கிழமை கூடாரத்தை வேறொருவர் கூட்டிக்கொண்டிருந்தார். ஆய்வக உதவியாளரான அண்ணனிடம் அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

"தெரியாதா மேடம்? வர வேணாம்னுட்டாங்க. கான்ட்ராக்ட் ஆளுதானே, ஒரு லெட்டர் போதும்ல. விசாரிச்சுட்டுச் சொல்றோம்னு அனுப்பிட்டாங்க. அப்படி அனுப்புன ஆளுகள்ள திரும்பி வந்தது எவரு?"

"லெட்டர் யார் கொடுத்ததுன்னு அவங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆபீஸ்ல சொல்லலை. போன மாசம் பெரிய பூந்தொட்டிய ஒடச்சுப்புடுச்சு. அதுக்குத்தேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு பாவம்."

அன்று வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பக்க நியாயத்தைக் கொஞ்சம் தூக்கலாகவே சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த அக்காகிட்ட வாயைத் தொறந்து சொன்னியா?"

"எழுதி ஒட்டியிருந்தேன்."

"இங்கிலீஷ்லயா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அப்ப சொல்லலை" என்றார். திட்டவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த அக்காவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. போன வருடம் மருந்துச் சீட்டு ஒன்றை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னவர்தான். சனிக்கிழமை காலை இன்னொரு கடிதம் எழுதினேன். நான் வாயால் சொல்லவில்லை, அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் தாள் ஒட்டினேன், தவறு முழுக்க என்னுடையது, முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று. எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்து மட்டும் போடவில்லை.

ஏன் போடவில்லை என்றால், பயம். பொய் எழுதிக் கொடுத்தவள் என்று நானே எழுதித் தருவதுபோலத்தானே அது? அதன்பிறகு நீட்டிப்புக்காக யார் பேசுவார்கள்? வழிகாட்டியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? கடிதத்தை மடித்துக் குழந்தையின் பையில் டயப்பருக்கும் பால் புட்டிக்கும் நடுவில் செருகினேன். முதலில் அக்காவைப் பார்த்துவிடலாம், பார்த்தால் தைரியம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனிடம் விலாசம் கேட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். திருவிழாவுக்குத் தல்லாகுளத்தில் பந்தல் போட ஆரம்பித்திருந்தார்கள். பஸ் கிடைக்க நேரமானது. வழியெல்லாம், மன்னிச்சிருங்கக்கா என்று ஆரம்பிப்பதா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்கா என்று ஆரம்பிப்பதா என்று மாற்றி மாற்றி யோசித்தேன்.

தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் நுரைக் கையோடு எழுந்துவிட்டார்.

"ஏ யாரு வந்திருக்கானு பாரு! வாடி ஆத்தா. காச்ச விட்டுருச்சா? எளச்சுத்தேன் போயிட்டா." நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தை அவர் இடுப்புக்குப் போய்விட்டது. "உக்காருங்க பாப்பாம்மா. காப்பி போடுறேன். பதினோரு வருசமா ஒருநா லீவு கேட்டதில்ல. இப்ப கான்ட்ராக்ட்டுக்காரனே குடுத்துப்புட்டான் மகராசன், எம்புட்டு நாளுன்னுதான் சொல்ல மாட்டேங்குறான்" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, "மூத்தவளுக்கு இந்த வருசம் காலேசு. இந்த நேரம் பாத்துத்தேன் அந்தத் தொட்டி கை நழுவணுமா?" என்றார். அதில் சிரிப்பு இல்லை.

இப்போது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "அன்னைக்கு உங்க செடிக்கு வெனை பண்ணிட்டேன்ல. அண்ணன் வெவரம் சொல்லுச்சு. வெயிலே படக் கூடாதாமே, எனக்கு என்ன தெரியும்? மனசே ஆறலை. வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் முள்வேலி. வேலி முழுக்க மிதுக்குக் கொடி. ஆள் உயரத்துக்குப் படர்ந்து, பூவும் பிஞ்சுமாக. ஒரு முறத்தில் நறுக்கிய காய் காய்ந்துகொண்டிருந்தது.

"போன வருசம் நாத்துல நோஞ்சானா இருந்த ரெண்டைப் புடுங்கித் தூர எறிஞ்சீங்கள்ல? உசுரு இருந்துச்சு. சேலை முந்தில முடிஞ்சு கொண்டாந்து ஊண்டுனேன். அந்தக் கொடி ரெண்டும் காஞ்சு போச்சு. பழம் விழுந்து மொளைச்சதுதேன் இதெல்லாம். உங்களுக்கு எல உதவும்னா அம்புட்டையும் பறிச்சுக்கங்க."

வேலியருகே போய் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். போன வருடம் முதல் முயற்சிக்குப் பல ஊர் விதைகளைப் போட்டிருந்தேன். இது எந்த ஊருடையது என்று எப்படித் தெரியும்? அதைக் கேட்டேன்.

"இந்தா இருக்குல்ல" என்று வேலிக் கம்பியைக் காட்டினார். ஒரு சிறிய பிளாஸ்டிக் பட்டை, நூலால் கட்டப்பட்டுத் தொங்கியது. பென்சிலில் என் கையெழுத்தில் எண். சமயநல்லூரின் எண். வெயிலிலும் மழையிலும் மை போய்விடும், பென்சில் போகாது என்பதால் நாங்கள் பென்சிலில்தான் எழுதுவோம். "எனக்குப் படிக்கவா தெரியும்? நீங்க அந்த நாத்துப் பக்கத்துல குத்தி வச்சிருந்தீங்க. பேருன்னு ஒண்ணு எழுதியிருந்தா அது கூடத்தானே இருக்கணும்னு சேத்தே எடுத்தாந்தேன்."

என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அதை ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். நான் எழுதி ஒட்டிய இன்னொரு தாளைப் படிக்கவில்லை என்றுதான் அவர் வேலை போயிருக்கிறது. அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

அழுகையோடேயே ஒரு சந்தேகமும் வந்தது. என் புத்தி அப்படி. வேலியின் மறுபக்கம் அடுத்த வீட்டு வெள்ளரிப்பழக் கொடி கலந்து ஓடிக்கொண்டிருந்தது. மிதுக்கும் வெள்ளரிப்பழமும் ஒன்றோடொன்று கலக்கும். தேனீ இங்கும் அங்கும் போயிருக்கும். அப்படியென்றால் இந்தக் கொடிகள் சுத்தமான சமயநல்லூர் மிதுக்கு இல்லை. கை விட்டுப் போயிற்று என்று நினைத்த அடுத்த நிமிடம், நான் தேடுவது பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. அல்லவா என்பது நினைவுக்கு வந்தது. மகரந்தம் யாருடையதாக இருந்தால் என்ன? அவர் முந்தியில் முடிந்துவந்த அந்த இரண்டு நோஞ்சான் நாற்றுகளின் பசுங்கணிகம்தான் இந்த வேலி முழுக்க இருக்கிறது. அது மாறியிருக்காது.

அப்போதுதான் கையெழுத்துப் போட்டேன். குழந்தையின் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, பின்கட்டுச் சுவரில் வைத்து.

"என்ன பாப்பாம்மா எழுதுறீங்க?"

"ஆபீஸுக்கு ஒரு லெட்டர்க்கா."

"எனக்காகவா?"

"ஆமாக்கா, உங்களுக்காகத்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்து நல்லா எழுதுங்க. பதினோரு வருசத்துல ஒரே ஒரு தொட்டிதேன் ஒடச்சிருக்கான்னு எழுதுங்க" என்றார். மகள் அவர் இடுப்பிலிருந்து ஒரு மிதுக்கம் பிஞ்சைப் பறித்துக் கடித்துக் கசப்பில் முகம் சுளித்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மன்னிச்சிருங்கக்கா என்று ஆரம்பிக்க வேண்டிய நான், கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுத்தேன். வழிகாட்டி அதை இரண்டு முறை படித்தார். "இதை முதல்லயே எழுதியிருக்கலாமேம்மா" என்றார். அந்த ஒரு வரிக்கு நான் கூசியதுபோல எந்தத் திட்டுக்கும் கூசியதில்லை. ஆனால் அவரே கடிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்ப் பேசினார். அந்த வாரமே அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். எனக்குக் குறுகிய நீட்டிப்பு ஒன்று கிடைத்தது. வண்டியூர் வேலியிலிருந்து விதை எடுத்து அதே கூடாரத்தில் வளர்த்தோம். நான் முன்பே சமயநல்லூரில் பறித்துக் காயவைத்திருந்த பழைய இலைத் துண்டோடு ஒப்பிட்டதில் பசுங்கணிக டி.என்.ஏ. அச்சு மாறாமல் இருந்தது. இந்தத் தடவை பெட்டியைக் கவிழ்ப்பதற்கு முன் அக்காவை உட்காரவைத்து, ஏன் இருட்டு என்று முழுக்கச் சொன்னேன். "அப்ப ரெண்டு நாளைக்குப் பட்டினி போடுறோம்னு சொல்லுங்க" என்றார். இதைவிடச் சரியாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. அந்த இரண்டு நாளும் சாமான் அறைக்கு முன்னாலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வழிகாட்டி எட்டிப் பார்க்கப் போனபோதுகூட, "பாப்பாம்மா வரட்டும்" என்று விடவில்லையாம்.

குழாயின் நடுவில் பச்சை வளையம் நின்றபோது முதலில் அவரைத்தான் கூப்பிட்டுக் காட்டினேன்.

என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. அச்சானதும் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். தன் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவர்களிடம், "இந்தப் பாப்பாம்மா அன்னைக்கு லெட்டரு எழுதலைன்னா எனக்கு இந்த வேலை ஏது? எம்மக காலேசு ஏது?" என்றார். முதல் கடிதத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி நல்ல சந்தர்ப்பம் அதுதான். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

இப்போதும் ஒவ்வொரு கோடையிலும் அவரிடமிருந்து ஒரு டப்பா மிதுக்க வத்தல் வருகிறது. மகளுக்கு இப்போது மூன்றரை வயது. எண்ணெயில் போட்டதும் அவை பொரிகிற சத்தம் கேட்டாலே தட்டோடு ஓடிவந்து நிற்கிறாள். அவளுக்கு அவர் 'வண்டியூர்ப் பெரிம்மா'. என் படிப்பு, இன்று நான் பார்க்கும் வேலை, இரண்டும் அவர் முந்தியில் முடிந்துவந்த இரண்டு நாற்றிலிருந்து வந்தவை. அதை நினைக்காமல் ஒரு வத்தலையும் நான் வாயில் போட்டதில்லை. அவருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அவரோ எனக்குத்தான் கடன்பட்டிருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த வேலியில் கொடி இல்லாமல் வெறும் முள் மட்டும் இருந்திருந்தால், அன்று நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன் என்று சில நாள் தோன்றுகிறது. கடிதத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பியிருப்பேன் என்று சில நாள் தோன்றுகிறது. அது எனக்கே தெரியப்போவதில்லை. ஆனால் முதல் கடிதத்தை எழுதியது நான்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

கணவர், "இப்போ சொல்லி அவங்க மனசை ஏன் உடைக்கணும்? அவங்க நிம்மதியா இருக்காங்க, விடு" என்கிறார். எனக்கு அது சரியென்றும் படுகிறது. என் வசதிக்காக அதைச் சரியென்று எடுத்துக்கொள்கிறேனோ என்றும் படுகிறது. சொன்னால் என் மனசு லேசாகும், அவருடையது கனக்கும். சொல்லாவிட்டால் அவர் என்மேல் வைத்திருக்கும் நன்றியை நான் திருடி வைத்திருப்பதுபோல இருக்கிறது. என் இடத்தில் நீங்கள் இருந்தால் வண்டியூருக்குப் போய் அதைச் சொல்வீர்களா, மாட்டீர்களா? அந்த அக்காவின் இடத்தில் இருந்திருந்தால், தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? இரண்டு பக்கமும் நின்று பார்த்து, தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். இந்த வருடத்து வத்தல் டப்பா இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.